சுவிட்ச் தெரிந்தவன் எடுத்த போட்டோ

பேத்தி பிறந்து இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். அவளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நோட்டு போதாது. அதனால் அவள் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வயரிங் வேலைக்காரன்.

என் மகள் காட்டுக்குள் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறாள். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?" என்று கேட்டவர்களே இப்போது, "உங்க பொண்ணுகிட்ட சொல்லி முன்சீட்டு ஒண்ணு..." என்று குழைகிறார்கள்.

இது நடந்தபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். அடுத்த வாரம் முதல் வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அவள் ஓட்டுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று புதுப் போனோடு நானும் முன்சீட்டில் ஏறினேன்.

புறப்படும் முன் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "பிளாஷை அணைச்சிடுங்க. சிறுத்தைக்குக் கண்ணு கூசும், மிரண்டுடும். போட்டீங்கன்னா ஒரு வருஷம் காட்டு கேட்டுக்குள்ளயே வர முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்களுக்கும்தான்."

"முப்பது வருஷமா வயரிங் பண்றவன். சுவிட்ச் போடவும் அணைக்கவும் எனக்கே சொல்லித் தர்றியா?"

போனில் மின்னல் படத்தைத் தொட்டேன். அதன் பக்கத்தில் ஏதோ ஒரு இங்கிலீஷ் எழுத்து வந்தது. அணைந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெயில் இறங்கிய நேரம். மேட்டில் ஏறும்போது மகள் சட்டென்று இன்ஜினை அணைத்தாள். பத்தடி முன்னால் தாய்ச்சிறுத்தை, வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு பாதையைக் கடக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த என் மகளும் அந்தத் தாயும் ஒரே படத்தில்! அழுத்தினேன்.

வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடித்தது. அந்த எழுத்துக்கு, இருட்டினால் தானே எரியும் என்று அர்த்தமாம்.

சிறுத்தை குட்டியைப் போட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது. பாதை நடுவே குட்டி, பூனைக்குட்டி அளவுதான் இருக்கும், தலையை ஆட்டிக்கொண்டு கத்தியது.

"யாருய்யா அது? அவ்வளவு சொல்லியும்!" என்று பின்சீட்டுத் தொப்பிக்காரர் சீறினார்.

"டிரைவரோட அப்பாவாம்" என்று அவர் மனைவி காதைக் கடித்தார். எனக்கு நன்றாகவே கேட்டது.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "நாம இங்கயே நின்னா அது வராது. இன்ஜின் போட்டாலும் ஓடிடும். அப்பா, பின்னாடி பாத்துக் கையால வழி காட்டுங்க. வாயத் திறக்காதீங்க."

கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைத் துளித்துளியாக விட்டாள். வண்டி சத்தமில்லாமல் சரிவில் பின்னால் இறங்கியது. இடப்பக்கம் பள்ளம். என் கை காட்டிய பக்கமெல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். முப்பது கஜம் தள்ளி நிறுத்தினாள்.

குட்டி கத்திக் கத்தி ஓய்ந்து, மண்ணில் சுருண்டது. தாய் வராவிட்டால்? பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்குமா? தூக்கிப் போக ஒரு நரி போதுமே. மகள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது.

முதலில் புதர் அசைந்தது. பிறகு ஒரு தலை. வண்டியைப் பார்த்தது, குட்டியைப் பார்த்தது. நாலே எட்டில் வந்து பிடரியைக் கவ்விக்கொண்டு போயே போய்விட்டது.

தொப்பிக்காரர் கண்ணைத் துடைத்தார். ஒருவரும் போட்டோ எடுக்கவில்லை.

கேட்டுக்குத் திரும்பியதும் மகள் பதிவேட்டைத் திறந்தாள்.

"என்னம்மா எழுதுற?"

"உங்க பேரு. ஒரு வருஷம்."

"பெத்த அப்பன்டி!"

"அதனாலதான் நானே எழுதுறேன். இல்லன்னா அடுத்தவன் எழுதுவான்."

சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து, அங்கேயே போனின் பிளாஷ் மேல் ஒட்டிக்கொண்டேன்.

போன மாதம், மகளோடு வேலை பார்க்கும் டிரைவர் ஒருவர் வந்து, அந்தத் தாயைப் பாறை மேல் பார்த்ததாகச் சொன்னார். குட்டிகள் இரண்டாம், இரண்டும் கொழுகொழுவென்று ஒன்றன் வாலை ஒன்று கடிக்கின்றனவாம். மகள் கேட்டுச் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது.

பேத்தியைப் பார்க்கப் போனபோது போனை எடுத்தேன். மகள் படுத்தபடியே கையை நீட்டினாள். திருப்பிக் காட்டினேன்.

"இன்னுமா டேப்பைப் பிரிக்கல?"

"பிரிக்கிறதா இல்ல."

"சரி, ஜன்னல் பக்கம் வந்து எடுங்க."

எடுத்தேன். பேத்தி கொட்டாவி விட்டதில் படத்தில் முகம் கலங்கிவிட்டது. பரவாயில்லை, பார்த்தவர்களெல்லாம் என் மூக்கு என்கிறார்கள். காட்டுக்குள் நுழைய எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் இவளுக்கு முன்சீட்டில் என் மடியில் உட்காரத் தெரிந்துவிடும்.