நல்ல தண்ணீரில் கழுவிய இன்வெர்ட்டர்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் ஆரம்பாக்கத்திலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் வரை, பவர் டிரான்சிஸ்டர் வெடித்த இன்வெர்ட்டரை ஓடவைக்க யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

போன மாசம் ஒரு காலையில், ஏரியில் நண்டு பிடிக்கிற பெண் ஒருத்தி இன்வெர்ட்டரை இடுப்பில் சுமந்து வந்தாள். ஊரில் கரண்ட் இல்லை. தொட்டிகளில் உயிர் நண்டு. காற்றுப் பம்பு ஓடாவிட்டால், சாயங்காலம் வியாபாரி வண்டி வருவதற்குள் எல்லாம் செத்துவிடும். செத்த நண்டை அவர் தொடமாட்டார். வீட்டுக்காரர் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னாம்மா பண்ணீங்க இத?"

"உப்புத்தண்ணி தெறிச்சிடுச்சு நைனா. போட் இஞ்சின கழுவற மாதிரி நல்லதண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல வெச்சோம். ஆன் பண்ணதும் டப்புனு வெடிச்சிடுச்சு."

கரையில் எல்லோரும் செய்கிற வேலைதான். இஞ்சினுக்குச் சரி. டிரான்சிஸ்டருக்கு அடியில் புகுந்த ஈரம் வெயிலுக்கு அசையுமா?

மூடியைத் திறந்து, பல்பு மாட்டிய ஒயரை எடுத்தேன்.

"பேட்டரியத்தான் கழட்டியாச்சே நைனா, இன்னும் இன்னா பயம்?"

கரண்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டரின் கால்களில் ஒயரை வைத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது.

"அம்மாடி! செத்தும் குத்துதே, கெளுத்தி மாதிரி!"

வெடித்த டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, சர்க்யூட் பலகையை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்தேன். அதற்குள் அவள் புது டிரான்சிஸ்டரைக் கையில் எடுக்கப் போனாள்.

"அதோட கால தொடாதம்மா. உன் நைலக்ஸ் பொடவைல ஏறி நிக்கற கரண்டே இத கொன்னுடும்."

"நண்டு மாதிரிதான்னு சொல்லுங்க. கால்லதான் வம்பு."

மைக்கா தகடு வைத்து, பசை தடவி, புதுசுகளை முடுக்கினேன். முடுக்கும்போதே என் பழைய வெற்றிகளையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மேசையைப் பார்த்தாள்.

"இந்த வெள்ள வளையம் மிச்சமா நைனா?"

திருப்புளியைக் கீழே வைத்தேன். திருகாணிக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவில் போடுகிற பிளாஸ்டிக் வளையம் அது. அது இல்லாவிட்டால் முந்நூறு வோல்டுக்கு மேல் பெட்டித் தகடு முழுக்க ஏறும். ஈரக் கையோடு தொடுகிறவர் கதி அவ்வளவுதான். என் மீட்டர் எப்படியும் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் முதலில் பிடித்தது அவள் கண்.

"வலைல ஒரு கண்ணி அறுந்தாலே எங்களுக்குத் தெரியும். நீங்க கதையே சொல்லினு இருக்கீங்க!"

கதையை விட்டுவிட்டு, திருகாணியைக் கழற்றி வளையத்தைப் போட்டேன். பெட்டித் தகட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஷார்ட் இருந்தால் கத்துகிற சத்தமில்லை. பேட்டரிக்கு நடுவில் பழைய ஆட்டோ ஹெட்லைட் பல்பைக் கோத்து ஆன் செய்தேன். முழுசாக எரிந்தால் இன்னும் ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். பல்பு ஒருமுறை எரிந்து மங்கியது. அவள் காப்பிகூடக் குடிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"வண்டி வந்துடுச்சு நைனா. மூணுதான் செத்துச்சு. மத்ததெல்லாம் வியாபாரி கைய கிள்ளுது."

"அந்த மூணு?"

"கொழம்பு கொதிக்குது. சோறு மட்டும் ஆக்கி வையுங்க, இவரு எடுத்தாறாரு."