கடாக்கன்றுக்கு முதல் பால்

எங்கள் அண்ணி அந்தோணியம்மாளை, புனேயில் நாங்கள் இருக்கும் கட்கியில் பாதிப் பேர் ‘எருமை டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். கிண்டலுக்கு ஆரம்பித்த பேர்தான். இப்போது நானே அப்படித்தான் அறிமுகம் செய்கிறேன், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு.

அண்ணன் தொழிற்சாலைக்குப் போகிறவர். அண்ணி கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ முடித்தவர். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஸ்கூட்டியில் முள்ஷி மலைப்பக்கம் போவார். எருமைக் கடாக்கன்றுகளை இறைச்சிக்காக ஒழுங்காக வளர்ப்பது எப்படி என்று அங்கே விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். இந்த மாநிலத்தில் பசுவையும் காளையையும் கறிக்கு விற்கக்கூடாது, எருமைக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் பால்காரர்கள் வீட்டில் கடாக்கன்றுக்கு மதிப்பு கிடையாது. பெண் கன்று பிறந்தால் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். ஆண் என்றால் பாலைக் கறந்துகொண்டு அதை ஒரு மூலையில் கட்டிப்போடுவார்கள். சில நாளில் அது செத்துப்போகும். வளர்த்து விற்கலாமே என்றால், கசாப்புக்கு வளர்ப்பது பாவம் என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணி கோபப்படமாட்டார். தரை ஈரமாக இருக்கக்கூடாது, பூச்சி மருந்து கொடுக்கவேண்டும், தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

எல்லாவற்றையும்விட அவர் தொண்டை வறளச் சொன்னது சீம்பாலைப் பற்றி. பிறந்த கையோடு அதைக் குடித்தால்தான் கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தி வரும். அந்தப் பக்கத்து வழக்கம் வேறு. எருமைக்கு நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடமாட்டார்கள். கறந்த சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்துக் கர்வஸ் செய்து உறவுக்கும் பெரிய மனிதர்களுக்கும் கொடுத்தனுப்புவார்கள். புனே முழுக்க அதற்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிறது, நானும் சேர்த்துத்தான்.

ஒரு ஊரில் மாதக்கணக்கில் வகுப்பு நடத்தியும் ஒருவரும் சட்டை செய்யவில்லை. கடைசியில் ஊர்த்தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தாராபாயி வீட்டு எருமை கன்று போடப்போகிறது. கடாக்கன்றாகப் பிறந்து, மேடம் சொன்னபடி பிழைத்தால் ஊரே கேட்கும். செத்தால் மேடம் இந்தப் பக்கம் வரவேண்டாம். அந்த ஊர் கதவைச் சாத்தினால் அக்கம்பக்கத்து ஊர்களும் சாத்திவிடும், அண்ணியின் வேலையும் அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது எருமைக்கு வலி கண்டுவிட்டதென்று தாராபாயியின் மருமகள் வந்தனாவிடமிருந்து போன் வந்தது. அன்றைக்கு என் தையல் கடைக்கு விடுமுறை. வேடிக்கை பார்க்க நானும் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே ஏலக்காய் மணம். தாராபாயி புதுப் புடவை கட்டி நின்றார். கடாக்கன்று பிறந்து கொட்டகையில் ஈரத்தோடு கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்து முன்னங்கால் மடங்கி மடங்கி விழுந்தது. மேடம் வருகிறார் என்பதற்காகவே அந்த அம்மாள் முதல் பாலைக் கறந்து கர்வஸ் செய்து வைத்திருந்தார். அண்ணிக்கு மரியாதை செய்யப்போய், எந்தப் பாலுக்காக அண்ணி இத்தனை காலம் கத்தினாரோ அதையே அடுப்பில் ஏற்றிவிட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தட்டை நீட்டினார். மறுத்தால் அவமானம். அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, சன்னல் மேடையில் வைத்தார்.

“மாவ்ஷி, இது எனக்காகச் செஞ்சது. சாப்பிடாம போகமாட்டேன். ஆனா அவன் குடிச்ச அப்புறந்தான்,” என்று மராத்தியில் சொல்லிக் கன்றைக் காட்டினார். மாவ்ஷி என்றால் சித்தி.

மடியில் இன்னும் பால் இருந்தது. கோயிலுக்குக் கட்டின புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணி சாணிக்கு நடுவில் உட்கார்ந்தார். தாராபாயியின் முகம் சுண்டிப்போயிற்று. நஞ்சுக்கொடி விழுவதற்குள் மடியைத் தொட்டால் எருமை நோயில் படுத்துவிடும் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்த வீட்டுக்கு அந்த எருமைதான் சோறு. எருமையோ அறியாத கையை ஏற்கவில்லை. விட்டது முழங்காலில் ஒரு உதை. அண்ணி மல்லாக்க விழுந்தார். எழுந்து, புடவையைக்கூடத் தட்டாமல் மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

இனி தாராபாயி மனது வைத்தால்தான் உண்டு. அண்ணியின் முழங்காலில் ரத்தம் கசிவதை அந்த அம்மாள் சற்றுநேரம் பார்த்தார். பிறகு மருமகளிடம் கன்றைத் தூக்கிவரச் சொல்லி, எருமையின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே காம்பைக் கன்றின் வாயில் வைத்தார். அது சப்புக்கொட்டிக் குடித்த சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது.

உச்சிப் பொழுதுக்குள் நஞ்சுக்கொடி தானாகவே விழுந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் அண்ணி ஆறிப்போன கர்வஸைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.

கடா பிழைத்தது. வந்தனா காய்ந்த வைக்கோலில் படுக்கவைத்து, காலந்தவறாமல் பூச்சி மருந்து கொடுத்து வளர்த்தாள். சந்தைக்குப் போன அன்று அதை ஓட்டிப்போக இரண்டு ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள். இப்போது அந்த ஊரில் கடாக்கன்று இல்லாத கொட்டகை அபூர்வம்.

போன மாதம் பக்கத்து ஊரில் அண்ணிக்குக் கூட்டம். கூப்பிடாமலே தாராபாயி வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் ஒருவர் எழுந்து தாராபாயியையே மடக்கினார். வளர்த்து வளர்த்து கடைசியில் கசாப்புக்காரனிடம்தானே கொடுத்தாய் என்றார்.

தாராபாயி எழுந்தார். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் அவர் பேசி யாரும் கேட்டதில்லையாம்.

“ஆமா, குடுத்தேன். அதுக்கு முன்னால எங்க வீட்டுல பொறந்த கடாக்கன்னுங்கள நானே கொன்னேன், பட்டினி போட்டு. இவன் ஒருத்தன்தான் வயிறு நெறைஞ்சு வளந்தான்.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் விடவேண்டும் என்று கேட்டார். தாராபாயியிடம்தான் கேட்டார். அந்த அம்மாளும் அண்ணியைத் திரும்பிப் பார்க்காமலே கணீரென்று பதில் சொன்னார். சொன்னது அத்தனையும் சரி. அண்ணி பேச எழுந்திருக்கவே இல்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.