பல்செட்காரரின் படகு

முன் இடது ஏழாவது பலகையில் ஊசிமுனை கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே போனது. பல்செட்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். காதில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து, மடியிலிருந்த அட்டையில் ஏழாம் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு வாய் டீ குடித்துவிட்டு எட்டாவது பலகைக்கு நகர்ந்தார். வீட்டுக் கொல்லையில், செங்கல் அடுக்கின் மேல் நிற்கும் ஒரு பழைய மரப்படகுக்குள், தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் செய்கிற வேலை இது. ஏழு வருடமாகச் செய்கிறார். அந்த ஏழு வருடத்தில் படகு ஒரு நாள்கூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை, மழைத் தண்ணீரைத் தவிர.

கையிலிருக்கும் ஊசி, பல் டாக்டர்கள் சொத்தையைக் குத்திப் பார்க்கிற வளைந்த ஊசி. அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க, முகமில்லாத வாய்கள் வெள்ளைச் சாந்தில் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்கிறவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வாயைத்தான் பார்ப்பார். பஸ்ஸில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் மனைவியின் தோளை இடித்து, "மேல் வரிசை நம்மளுது" என்பார். புதுசாகப் பல் மாட்டிக்கொண்டவரிடம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "ஆடுதா? ஆடக் கூடாது."

படகையும் ஒரு வாயாகத்தான் பார்த்தார். முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, பகுதிக்கு எட்டுப் பலகை. ஆக முப்பத்திரண்டு. இந்தக் கணக்கில் மயங்கித்தான் மனிதர் ஆற்றங்கரையில் கவிழ்ந்து கிடந்ததைப் பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தாரோ என்று அவருடைய மனைவிக்கு ஒரு சந்தேகம் உண்டு. தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர் அந்த அம்மா. எதையும் அதனதன் கூண்டில் போட்டுத்தான் பழக்கம். இந்தப் படகை எந்தக் கூண்டில் போடுவது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"படகா நானான்னு ஒரு நாளும் கேக்க மாட்டேன்" என்பார். "பதில் தெரிஞ்சுடுமேன்னு பயம்."

சொல்வாரே தவிர, சாயங்காலமானால் இரண்டு டம்ளர் டீயோடு அவரும் கொல்லைக்கு வந்துவிடுவார். டம்ளர்களைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி, காலை உயர்த்திப் படகின் விளிம்பைத் தாண்டுவார். பல்செட்காரர் கை நீட்டி, தவறாமல் சொல்வார்: "பாத்து வா. ஆடும்."

"செங்கல் மேல நிக்கறது எங்கேருந்து ஆடும்?" அந்தக் கையைப் பிடிக்காமலே இறங்கி உட்கார்வார்.

எதிரெதிரே இரண்டு குறுக்குப் பலகைகள். முழங்காலோடு முழங்கால் இடிக்காத அளவுக்குத்தான் இடம். மேலே நீலத் தார்ப்பாய். வெயில் சாயும்போது அது உள்ளேயிருக்கிற எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும், டீயை, கைகளை, அம்மாவின் நரைத்த முடியை. காற்று வந்தால் தார்ப்பாய் மெல்ல உப்பி இறங்கும். ஓரத்தில் தேங்கிய மழைத் தண்ணீர் சளக்கென்று அசையும். அப்போது பல்செட்காரர் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுச் சுவர் நகர்ந்து போகும், துணிக்கொடி நகர்ந்து போகும், கரை என்று ஒன்று எங்கோ பின்னால் போய்க்கொண்டே இருக்கும். தூக்கமா விழிப்பா என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொள்வது பால் வந்ததா, கேஸ் சொல்லியாச்சா, அவ்வளவுதான். மற்ற பேச்செல்லாம் படகில்தான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன வாரம் இருவரும் அழுதது இதற்குள்தான். முப்பது வருடக் குடித்தனத்தில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டதும் இதற்குள்தான். இறங்கி வீட்டுக்குள் போய்விட்டால் மறுபடி பாலும் கேஸும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் பக்கத்து மனைக்காரர் வந்து, திங்கட்கிழமை சுவர் எழுப்பப் போவதாகச் சொன்னார். படகு உள்ளே வந்த வழி அவருடைய காலி மனைதான். சுவர் வந்துவிட்டால், பிறகு துண்டு துண்டாகத்தான் வெளியே போக முடியும். ரிப்பேருக்குப் போவதென்றாலும் சனிக்கிழமைக்குள் கிளம்ப வேண்டும். வேண்டாமென்றால் அறுத்துவிட வேண்டும்.

படகு கட்டுகிற மேஸ்திரி வியாழக்கிழமை வந்தார். படகைச் சுற்றி வந்தார், தட்டினார், குனிந்து அடிமரத்தைப் பார்த்தார். நிமிர்ந்து, தார்ப்பாயை அவர் வாய் பிளந்து பார்த்தபோது பல்செட்காரரும் அண்ணாந்து அவர் வாய்க்குள் பார்த்தார்.

"மேல் வலது ஆறாவது எங்க போச்சு?"

"சார், நான் படகு பாக்க வந்திருக்கேன்."

சொல்லிவிட்டுப் படகின் உள்பக்கம் எட்டிப் பார்த்த மேஸ்திரி திகைத்துப் போனார். பலகைகளில் அங்கங்கே வழவழவென்று ரோஸ் நிறத்தில் திட்டுகள். ஈறு செய்கிற பசை. பொடியையும் திரவத்தையும் குழைத்து, மரம் இற்றுப்போன இடங்களையெல்லாம் பல்செட்காரர் அடைத்து வைத்திருந்தார். ஈறு வளைகிற மாதிரியே வளைத்து, பாலிஷும் போட்டிருந்தார். மொத்தம் பத்தொன்பது. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேஸ்திரி உளியை ஒரு திட்டின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். அது மூடி போலக் கழன்று வந்தது. உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்தது. விரலை விட்டார், நனைந்த ரொட்டி போல மரம் கையோடு வந்தது. அடுத்ததை நெம்பினார். அதுவும் அப்படியே.

"யாரு சார் இதை அடைச்சது?"

 பக்கத்தில் நின்ற மனைவிதான் சொன்னார். "டாக்டர்."

அந்தக் கிண்டலுக்கு அன்று யாரும் சிரிக்கவில்லை. சொத்தையைச் சுரண்டாமல் மூடக் கூடாது, மூடினால் வெளியே தெரியாமல் உள்ளே தின்னும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். சொத்தையோடு அச்செடுத்து அனுப்பினார் என்று ஒரு டாக்டருக்கே அச்சைத் திருப்பி அனுப்பியவர். மழை நிற்கிறவரை, மரம் காய்கிறவரை காத்திருக்கப் பொறுக்காமல், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரத்தை உள்ளே வைத்து அவரே பூசிவிட்டிருக்கிறார். ஊசி குத்திப் பார்த்ததெல்லாம் திட்டுக்கு வெளியேதான். தன் வேலைப்பாட்டை யாராவது குத்திப் பார்ப்பார்களா?

"ரிப்பேர் பண்ணலாம் சார், முடியாதுன்னு சொல்லல" என்றார் மேஸ்திரி. "ஆனா நான் முடிச்சு நிறுத்தும்போது, பழைய மரம்னு நீங்க உக்கார்ற ரெண்டு பலகைதான் மிஞ்சும். மத்ததெல்லாம் புதுசு. அது இந்தப் படகுதானான்னு நீங்க சொல்லுங்க."

அன்று சாயங்காலம் நீல வெளிச்சத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரிப்பேருக்கே குடுத்துடுங்க" என்றார் மனைவி. ஏழு வருடமாக இதைத் தூக்கிப் போடச் சொன்னவர் அவர்தான்.

"குடுத்து?"

"ஆத்துல விடுங்க."

"எனக்குத் துடுப்பு போடத் தெரியாதும்மா."

"ஏழு வருஷமாவா தெரியாது?"

"ஏழு வருஷமாத்தான்."

அம்மா சிரிக்க ஆரம்பித்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல்செட்காரர் அருகிலிருந்த ஒரு ரோஸ் திட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். "நானே பூசிப் பூசி கொன்னுட்டேன். வேற ஒருத்தர் வாய்னா என்ன சொல்லுவேன்? எடுத்துடுங்கன்னுதானே சொல்லுவேன்?" வெளிப்படையாகச் சொல்வதற்கென்ன, அவருக்கு அந்த மரத்தின் மேல் அவ்வளவு பிரியம்.

"சரி, எடுத்துடலாம்" என்றார் மனைவி. டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டார். "அப்புறம் நாம எங்க உக்காந்து பேசறது?"



சனிக்கிழமை மேஸ்திரி ரம்பம் கொண்டுவந்தார். பல்செட்காரர் கொல்லைப் பக்கமே போகவில்லை. பட்டறையில் உட்கார்ந்து ஒரு கீழ் வரிசைக்குப் பல் அடுக்கினார். மதியம் பார்த்தால் இடது கோரைப்பல் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் செய்யாத தப்பு. மெழுகைச் சூடாக்கி, பிடுங்கி, மாற்றி வைத்தார். அதற்குள் ரம்பச் சத்தம் நின்றுவிட்டது.

போய்ப் பார்த்தபோது கொல்லை பெரிதாகிவிட்டிருந்தது. நீலம் போய், சாதாரண வெளிச்சம். படகு நின்ற இடத்தில் மட்டும் புல் இல்லை. ஏழு வருடம் மழை படாத வெளிறிய மண், முன்னால் கூராகவும் பின்னால் அகலமாகவும் படகின் உருவத்தில் கிடந்தது. இரண்டு குறுக்குப் பலகைகளை மட்டும் மேஸ்திரி சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

 பல்செட்காரர் படகைத் தாங்கியிருந்த செங்கற்களை எடுத்து வந்து அந்த வெளிறிய மண்ணுக்குள் அடுக்கி, அவற்றின் மேல் ஒரு பலகையை வைத்தார். எதிரே இன்னொன்று. உட்கார்ந்து பார்த்தார். திருப்தியில்லை. எழுந்து எதிர்ப் பலகையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினார். மறுபடி உட்கார்ந்தார்.

மனைவி டீ டம்ளர்களோடு வந்தார். புல் முடிந்து வெளிறிய மண் தொடங்குகிற இடத்தில் நின்றார். டம்ளர்களைக் கொடுத்தார். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி, அங்கே இல்லாத விளிம்பைத் தாண்டக் காலை உயர்த்தினார்.

"பாத்து வா" என்றார் அவர், ஒரு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி. "ஆடும்."

அந்தக் கையை அம்மா இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார்.