ரூட்டருக்கு அப்பா செய்த பெட்டி

"ரூட்டர் திறந்த இடத்துல இருக்கா, இல்ல ஏதாவது பெட்டி, அலமாரிக்குள்ள இருக்கா?"

இணைய நிறுவனத்திலிருந்து பேசிய பெண் இப்படிக் கேட்டார். சுவரில் இருக்கிறது என்றேன். சுவரில் சரி, எதற்குள் என்றார். எனக்குப் பக்கத்திலேயே அப்பா ஒரு துணியால், தான் செய்த இரும்புப் பெட்டியின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரூட்டர் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அப்பா தகடு பட்டறையில் வேலை செய்கிறார். இரும்புத் தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்து மின் மீட்டர்களுக்கும் மோட்டார் சுவிட்சுகளுக்கும் பெட்டி செய்வார். அவர் செய்த பெட்டியில் நான்கு மூலையும் இம்மி பிசகாது. அதனால் பட்டறையில் அவருக்கு 'மூலைமட்டம்' என்று பெயர். தெருவில் போகும்போது யார் வீட்டு வாசலிலாவது மீட்டர் பெட்டியைப் பார்த்தால் விரலால் ஒரு தட்டு தட்டி, "நம்மளுது" என்பார். அம்மா அவர் கையைப் பிடித்து இழுப்பாள், வீட்டுக்காரர் வந்துவிடப்போகிறார் என்று. இருபத்தாறு வருடங்களில் அவர் செய்த பெட்டி ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அதிகம் பேசாத மனிதர், இதை மட்டும் புதிதாகப் பார்ப்பவர்களிடம் ஐந்தாவது நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

அண்ணன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. போனில் அவன் பேச்சு மூன்று வார்த்தைதான்: சாப்டேன், ம், வைக்கட்டா. ஆனால் கேம் விளையாடும்போது அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து விளையாடும்போது அவனுடைய அன்றைய கதை முழுக்க எனக்குத் தெரிந்துவிடும். புதிதாக ஒரு கேம் கன்சோல் வாங்கியதும் பழையதை எனக்கு பார்சலில் அனுப்பினான். நெட்டில் சேர்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வா என்று ஒரு வரி செய்தி, அவ்வளவுதான். பள்ளி முடிந்து, அடுத்தது என்னவென்று தெரியாமல், அறைக்கு அறை நடந்துகொண்டிருந்த எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு முதன்முதலாக இணையம் வந்தது. நிறுவனத்து ஆள் கூடத்துச் சுவரில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போனார். தெருத் தூசி நேராக வந்து விழும் இடம். கீழே வயர்கள் தொங்கின. குளிப்பாட்டிவிட்டுத் துவட்டாமல் விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் அப்பா அதைப் பார்த்தார். பிறகு டேப்பை எடுத்து அளந்தார். இரண்டே நாளில் பெட்டி வந்தது. முழங்கை உயரம், சாம்பல் நிறம், இடது பக்கம் இரண்டு கீல்கள். கதவைச் சுற்றி உள்ளே ரப்பர் பட்டை. எங்கள் வீட்டுக்கென்று அவர் செய்த முதல் பெட்டி.

"எறும்பு நுழையட்டும் பாக்கலாம்" என்றார்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அடுத்த தெரு டியூஷன் வாத்தியாரும் கேட்டார்.

திங்கட்கிழமை கன்சோல் வந்தது. உள்ளறையில் டிவியோடு சேர்த்தேன். நெட்வொர்க் இல்லை என்றது. பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நாலு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் கேள்வி கேட்ட உடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா பட்டறைக்குப் போனதும் பெட்டியின் கதவைத் திறந்தேன். கன்சோல் உடனே இணைந்தது. மூடினேன், போய்விட்டது. எறும்பு நுழையாத பெட்டியிலிருந்து வைஃபையும் வெளியே வரவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் அவர் போன பிறகு திறப்பேன், வருவதற்குள் மூடிவிடுவேன். அந்த நாட்களில் அவர் தையல்காரம்மாவுக்கும் வாத்தியாருக்கும் பெட்டிகள் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். பெட்டிக் கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்துவிட்டு உள்ளறைக்கு வந்தேன். நாலு மணிக்கு அண்ணன் வந்தான். கார் பந்தயம். இரண்டாவது சுற்றிலேயே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். அறை நண்பன் குறட்டை விடுவது, மேலாளர் இவன் பெயரைத் தப்பாகவே சொல்வது, சமைக்கப்போய்ப் பாத்திரத்தைக் கருக்கியது எல்லாம் வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா கதவோரம் நின்று கேட்டார். எட்டு மாதத்தில் மகன் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"அப்பா நிக்கிறாரா அங்க? அப்பா, உங்க பொண்ணு கார் ஓட்டுற லட்சணத்தைப் பாருங்க, நேரா ஓடுற ரோட்டுல சுவத்தைப் போய்..."

குரல் நின்றது. படமும் நின்றது. அப்பா கதவோரத்தில் இல்லை.

கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது, யார் இதைத் திறந்து போட்டது, தூசி போகாதா என்று. கொஞ்ச நேரத்தில் அண்ணன் குரல் திரும்பி வந்தது, கேக்குதா, கேக்குதா என்று. மறுபடி நின்றது. மறுபடி வந்தது. அப்பா கூடத்தில் பெட்டிக் கதவை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல், பொறுமையாக, நாலு முறை.

அண்ணனை இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை."

"சொல்றதுக்கு என்ன?"

"நீங்க துடைச்சிட்டு இருந்தீங்கப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. விரலை மடக்கினார். தையல்காரம்மா, வாத்தியார், பட்டறை வாசலில் மாதிரிக்கு வைத்ததை விலைக்குக் கேட்டு வாங்கிப்போன ஒருவர்.

"மூணு வெளிய போயிருக்கு" என்றார். "என் கையால போயிருக்கு."

சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். தையல்காரம்மா தன் போன்தான் கிழடாகிவிட்டது என்று நினைத்து, புதிது வாங்கித் தரச்சொல்லி மகனை நச்சரித்துக்கொண்டிருந்தாராம்.

"போன் நல்லாத்தான்மா இருக்கு" என்றார் அப்பா. "நான்தான் தப்பா செஞ்சுட்டேன். கழட்டித் தாங்க, வேற செஞ்சு தரேன்."

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தலை குனியாமல், முகம் பார்த்துச் சொன்னார். அங்கிருந்து வாத்தியார் வீடு. அவர் இணைய நிறுவனத்தை மூன்று முறை போனில் கிழித்திருந்தார்.

"என்ன, மூலைமட்டமே கோணிப்போச்சா?" என்று சிரித்தார் வாத்தியார்.

"மூலையெல்லாம் சரியாத்தான் இருக்கு, வேணும்னா அளந்துக்கோங்க. அதுக்குள்ள ரூட்டரை வச்ச ஆளுதான் கோணல்" என்றார் அப்பா. அவரும் சிரித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் ரூட்டரை வெளியே எடுத்தார். என் கையில் போனைக் கொடுத்து உள்ளறையில் நிற்கச் சொன்னார். ரூட்டருக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்தார்: தகரத் தட்டு, பலகை, வாளி மூடி, அட்டைப் பெட்டி. "எத்தனை கோடு?" என்று கூடத்திலிருந்து கேட்பார், நான் கத்திச் சொல்வேன். எங்கள் சத்தத்தைக் கேட்டபடியே அண்ணன் அங்கே தனியாகக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இரும்பைத் தவிர எதையும் தொடாதவர், அந்த வாரம் பலகையும் பிளாஸ்டிக்கும் வாங்கி மூன்று பெட்டிகள் செய்தார். பட்டறையில் பொம்மைக் கடை வைக்கப்போகிறாரா என்று கேலி செய்தார்களாம். எங்களுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று. மூலைகள் அதே மாதிரி இருந்தன.

யாராவது என் அப்பாவைப் பற்றிக் கேட்டால் நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன். தப்பு என்று தெரிந்த பத்தாவது நிமிடத்தில் அவர் எதிர்வீட்டு வாசலில் நின்றார். ஆறு நாள் தெரிந்தும் நான் நிற்கவில்லை.

நாலாவதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் செய்து பட்டறையில் வைத்திருக்கிறார். அது வாசலில் வைத்திருந்ததை வாங்கிப்போனவருக்கு. பைக்கில் வந்தார், ரூட்டருக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர், வீடு எதுவும் தெரியாது. அவர் வாங்கியது நான் வாய் மூடியிருந்த நாட்களில்தான், ஆகவே அவரைத் தேடும் பொறுப்பு என்னுடையது. சாம்பல் நிறம், இடது பக்கம் இரண்டு கீல்கள், உள்ளே அடிமூலையில் அப்பா அடையாளத்துக்கு ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள். இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லுங்கள், அவர்கள் இன்னும் நாலு பேரிடம் சொல்லட்டும். அப்படி ஒரு பெட்டி எந்த வீட்டிலாவது இருந்தால், முதலில் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு பட்டறைக்கு வரச் சொல்லுங்கள்.