இரும்பு மேஜையும் திரும்பாத ஊசியும்

காக்ஸ் டவுனில் நான் படித்த பெண்கள் பள்ளிக்கு, நான் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய அதிர்ஷ்டம் அடித்திருந்தது. வெள்ளைக்கார ராணுவம் விட்டுப்போன சாமான்களை ஏலம் விட்டபோது, எங்கள் பௌதிக ஆசிரியை நாலு இரும்பு மேஜைகளைப் பிடித்து வந்து லேபில் போட்டுவிட்டார். யானை ஏறினாலும் அசையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். காந்தப் பாடம் நடத்துவதற்கென்றே இரும்பு மேஜை வாங்கிய பள்ளி உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

பாடம் என்னவோ சுலபம்தான். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். கம்பியை வடக்கு தெற்காகப் பிடித்து, அடியில் திசைகாட்டியை வைத்தால் ஊசி விலகும். எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு நீச்சல்காரர் இருந்தார். மின்சாரம் போகும் திசையில், ஊசியைப் பார்த்தபடி அவர் கம்பியோடு நீந்துவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இடது கைப் பக்கம் வடமுனை திரும்பும். அல்சூர் ஏரியில் கால்கூட நனைக்காத நாங்கள் நாற்பது பேரும் அவரை அப்படியே நம்பினோம்.

எங்கள் ஊசிதான் நம்பவில்லை. மின்சாரம் வந்தாலும் போனாலும் மேஜைக்காலைப் பார்த்தபடியே நின்றது.

"திரும்பிச்சு, பாத்தீங்களா?" என்பார் ஆசிரியை.

"திரும்பிச்சு மிஸ்" என்போம்.

பிறகு ரெகார்டு நோட்டில் 'மேற்கே நாற்பது டிகிரி' என்று எழுதுவோம். அந்த நாற்பது, முந்தைய வருஷத்து அக்காக்களின் நோட்டிலிருந்து வந்தது. அவர்களுக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் கெட்ட பழக்கம் எங்களுக்கு இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மர்பி டவுன்காரி. அவள் அப்பாவுக்கு டெலிபோன் தொழிற்சாலையில் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் மகளுக்கும் அங்கே வேலை என்று பேசி வைத்திருந்தார். தேறாவிட்டால் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டிலும் பேசி வைத்திருந்தார். முன்யோசனை உள்ள மனிதர்.

செய்முறைப் பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். எங்கள் இருவருக்கும் இதே சோதனைதான் விழுந்தது. நான் ஊசியைப் பார்க்காமலேயே நாற்பது போட்டு முடித்தேன். அவளோ மின்சாரம் விடுவதற்கு முன்பே ஊசியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வடக்கையே காட்டலடி இது. அப்புறம் எங்கேருந்து திரும்பறது?" என்று முணுமுணுத்தாள்.

திடீரென்று பேட்டரி, கம்பி, திசைகாட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மூலையில் கிடந்த மர பெஞ்சுக்குப் போனாள். அங்கே ஊசி ஆடி அடங்கி வடக்கே நின்றது. கம்பியை மேலே பிடித்து இணைப்பைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"இங்க வந்து பாருடி" என்றாள், பரீட்சை நடப்பதையே மறந்து.

பரிசோதகர்தான் முதலில் போய்ப் பார்த்தார், ஊசியை அல்ல, அவளை. "ஜாகா விட்டு எதுக்கம்மா போன?"

"மேஜை இரும்பு சார். அதுவே ஊசிய இழுக்குது. அங்க வெச்சா யாருக்குமே திரும்பாது."

ஆசிரியையின் முகம் கறுத்தது. பரிசோதகர் என்னிடம் வந்தார். "உன் மேஜையில திரும்பிச்சா, இல்லயா?"

என் தாள் எனக்கு முன்னால் இருந்தது. உண்மையைச் சொல்ல நாக்கு இருந்தது. மார்க் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"திரும்பிச்சு சார்" என்றேன். கேட்காமலேயே, "நாப்பது டிகிரி" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் தாளில் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தது.

பஸ்ஸுக்கு நடக்கும்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். "பதினெட்டு டிகிரிதான்டி. நீ பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நல்ல மார்க் வாங்கிய என்னைத் தொழிற்சாலையில் எடுத்துக்கொண்டார்கள், மின்காந்தச் சுருள்களைச் சோதிக்கும் பிரிவில். முதல் வாரம், மின்சாரம் பாய்ந்ததும் ஓர் ஊசி திரும்புவதை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. வந்து பாருடி என்று கூப்பிட அங்கே எனக்கு யாரும் இல்லை.