அதே எட்டு

எங்கள் வீட்டில் தறிக்குழிக்கு எதிரே இருந்த சுவரில்தான் என் வீட்டுக்காரர் நெசவுக் கணக்கு எழுதுவார். அன்றைக்கு இரண்டு லுங்கி நெய்து அறுத்தால் சாக்பீஸால் இரண்டு என்று எழுதுவார். மறுநாள் மூன்று என்றால் பக்கத்தில் மூன்று. சனிக்கிழமை சாயங்காலம் என் அக்கா புருஷன் வருவார். அவரை நான் பாவா என்று கூப்பிடுவேன். அவர்கள் இருந்தது அடுத்த வீடு. சுவருக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கூட்டி மொத்தத்தைச் சொல்வார். சொன்னதும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட வேண்டும். திங்கட்கிழமை புதுக் கணக்கு. திருத்தணியில் எங்கள் நெசவாளர் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம், எல்லா வீட்டுக்கும் கூட்டிச் சொல்கிறவர் பாவாதான். அவர் சொன்ன மொத்தம் தப்பாகப் போய் நான் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, மனுஷனுக்கு ஏதாவது ஒன்று வேண்டாமா?

நான் சொல்ல வந்தது வாந்திபேதியைப் பற்றி. சுவரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

எழுபதுகளின் தொடக்கம். ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டம் மலையிறங்கிப் போன கையோடு ஊரில் நோய் கண்டது. பல தேசங்களைச் சுற்றிக்கொண்டிருந்த காலராதான் இங்கேயும் வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கூட்டம் வரும்போதே ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிறுத்தி ஊசி போட்டுத்தான் விட்டார்கள். ஊசிக்குப் பயந்து ஊருக்கு முன்னால் கே.ஜி.கண்டிகையிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு வயல் வழியாக நடந்து வந்த வீராதி வீரர்களும் உண்டு. முருகனிடம் வருகிறவனுக்கு ஊசி எதற்கு என்று வேறு பேச்சு.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். அதில் இரண்டே வரி. மேல் வரியில் சிகிச்சையில் இருப்போர், கீழ் வரியில் இறப்பு. அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வரும் ஹெல்த் இன்ஸ்பெக்டர் முந்தின நாள் எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார். ஜனங்கள் வதந்தியை நம்பக் கூடாது, உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்று வைத்த பலகை அது. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன்.

பாவா தினமும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வருவார். வந்ததும் தெருவில் நின்று பலகைச் செய்தியைச் சொல்வார். முதல் நாள் இரண்டு பேர் செத்ததாகச் சொன்னார். மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் எட்டு. அதற்கப்புறம் எட்டு, எட்டு, எட்டு என்று அந்த எட்டு நகரவே இல்லை.

"தெனம் எட்டு பேரை வாரிகினு போவுதுமா," என்பார். சும்மா விடுவாரா? எங்கள் வீட்டுச் சுவரைக் கூட்டுகிற மாதிரியே கூட்டிக்கொண்டு வந்தார். வாரம் முடிவதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது.

"நாப்பது பொணம் போச்சுன்னா ஒரு சங்கு சத்தமாவது கேக்க வேணாமா பாவா?" என்று நான் கேட்டேன்.

"வூட்டாண்ட குடுத்தா தானேமா சங்கு ஊதுவாங்க? ஆஸ்பத்திரிலேர்ந்து அப்டியே எடுத்துகினு போயி சுண்ணாம்பு போட்டு பொதைச்சிட்றாங்க."

இன்னொரு நாள் மேல் வரியில் பதினைந்து என்று இருந்தது மறுநாள் ஏழாகிவிட்டது. பாவா ஓட்டமாக வந்தார். "பாத்தியா? பதினஞ்சி பேர் படுத்துகினு இருந்தாங்க. எட்டு பூட்டுச்சி. மீதி ஏழு. கணக்கு சரியா நிக்குது பாரு." அன்றைக்குத் தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பாதிப் பேர் பிழைப்பதில்லை. கஞ்சியோ தண்ணீரோ, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு வரியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்போது யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? நானும்தான் நம்பினேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் விழுந்தார். காலையில் தறியில் உட்கார்ந்தவர் குழியை விட்டு எழுந்து கொல்லைக்கு ஓடினார். வந்து உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். அப்புறம் எழுந்திருக்கவும் முடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் கண் இரண்டும் குழியில் போய்விட்டன. கெண்டைக்கால் சுருட்டிச் சுருட்டி இழுத்தது. தொண்டையில் சத்தமே இல்லை, காற்றுதான் வந்தது. காலையில் என்னோடு சண்டை போட்ட மனுஷன் அவர், சாம்பாரில் உப்பு இல்லை என்று.

அக்கா ஓடி வந்தாள். கேட்காமலே அவர் வேட்டியை மாற்றினாள், நாறிப்போன துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் துவைத்தாள். உப்புக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஒவ்வொரு வாயாக ஊற்றினாள். ஊற்றினது ஊற்றினபடி வெளியே வந்தது. என் அக்கா பேச்சில் சிடுசிடுப்பு, கையில் பட்டு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிட்லாம் பாவா," என்றேன்.

"பைத்தியமா உனக்கு? அங்க போனவன் எவன் திரும்பினான்? நான் தெனம் பாத்துகினு கீறேன்மா." அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கெட்ட எண்ணமே கிடையாது அவருக்கு. என் வீட்டுக்காரரைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வைத்திருந்தவர். அதனால்தான் அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை.

சரி, மாத்திரையாவது வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். செருப்புகூடப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் பலகைக்கு முன்னால் நின்று கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் எட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம்.

"இன்னா சார், கூசாம நின்னுகினு தெனம் எட்டு எட்டுன்னு எழுதறீங்களே! தெனம் எட்டு பேர் சாவற வரிக்கும் அங்க இன்னாதான் வைத்தியம் பாக்கறீங்க?"

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லி மனுஷன், நடு வயதுக்காரர்.

"எந்த எட்டும்மா? இது அதே எட்டு தாம்மா."

"அதே எட்டுன்னா?"

"மொத்தமே எட்டு தான். ஆரம்பத்துலேர்ந்து. மூணாம் நாளைக்கு அப்புறம் யாருமே சாவல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பலகையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "அப்போ பதினஞ்சி பேர் இருந்தாங்களே, ஏழாச்சே?"

"ஒடம்பு சரியாயி எட்டு பேர் வூட்டுக்குப் போனாங்கம்மா. நடந்து போனாங்க." செத்த எட்டுப் பேரும்கூட மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தவர்களாம். வந்து சேரும்போதே நாடி இல்லை. "வந்தவுடனே பாட்டில் ஏத்தினா பொழைச்சிக்கிறாங்க. வராம வூட்ல வெச்சிகினா தான் கஷ்டம்."

"மொத்தம்னு எழுதித் தொலைச்சா இன்னா சார்? சாக்பீஸு தீந்துடுமா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சது தானேம்மா," என்றார் அவர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. அவருடைய ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அன்றன்றைக்கு எழுதுவது அன்றன்றைக்கு உள்ளது என்று பிறந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படித்த தெரு எங்களுடையது. அது அவருக்கு எப்படித் தெரியும்? எங்களைத் தவிர அந்த ஊரில் வேறு யாராவது அப்படிப் படித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அங்கேயே ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்தேன். வாந்திபேதி என்றதும் வண்டிக்காரன் இழுத்தான். அவனைத் திட்டின திட்டில் குதிரையே கிளம்பிவிட்டது. வீட்டு வாசலில் இறங்கும்போதே கத்தினேன்: "அதே எட்டு பாவா! தெனம் எட்டு இல்ல, மொத்தமே எட்டு! பலவை எழுதறவரே சொன்னாரு!"

அவர் நம்பவில்லை. "அவன் அப்டி தாம்மா சொல்லுவான். கவர்மெண்ட்டு ஆளு சாவை கொறைச்சி தானே சொல்லுவான்?"

"கொறைச்சி சொல்றவன் எதுக்குப் பலவை வெச்சி ஊருக்கே எழுதிக் காட்றான்?"

நாற்பதுக்கு மேல் கூட்டி வைத்திருந்த மனுஷனுக்கு அதை ஒரே வார்த்தையில் எட்டாக்கிக்கொள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "நீ கால புடி," என்றாள் என்னிடம். அவள் தோளைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டோம். வண்டி நகரும்போது, "போயி சேந்ததும் ஒரு வாய் காபி குடி, நீயும் விழுந்து கெடக்காதே," என்று சிடுசிடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். பாட்டில் மேல் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்காரருக்குக் குரல் திரும்பியது. முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பசிக்குது." நான் அந்த நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கொட்டகையில் படுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒருத்தர் வெற்றிலை கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சாகிறவர்கள் யாருமே அங்கே இல்லை.

மறுநாள் அக்காவுக்குக் கண்டது. என் வீட்டுக்காரர் துணியைத் துவைத்த கைதானே. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. காலையிலிருந்து பாவா பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊற்றியிருக்கிறார், காலைத் தேய்த்துவிட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்காவே ஒருமுறை சொன்னாளாம். கொஞ்சம் பார்க்கலாம், கொஞ்சம் பார்க்கலாம் என்று இவர் பொழுதை ஓட்டிவிட்டார். சாயங்காலம் அவளுக்குப் பேச்சு நின்ற பிறகுதான் கையில் வாரிக்கொண்டு ஓடி வந்தார். வண்டிகூடப் பிடிக்கவில்லை. கொட்டகை வாசலில் அவர் அவளை ஏந்திக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் கையிலும் காலிலும் நரம்பைத் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் அக்கா போய்விட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. உடம்பை வீட்டுக்குக் கொடுக்கவில்லை. அங்கிருந்தே கொண்டுபோய்ச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். அது ஒன்றில் மட்டும் பாவா சொன்னது சரி. என் அக்காவுக்குச் சங்கு ஊதவில்லை.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாவா வந்திருந்தார். தாடி முளைத்து, தோளில் துண்டில்லாமல். என் வீட்டுக்காரரின் அக்குளில் கை கொடுத்துத் தாங்கி நடத்தி வந்தார். பாவாவை நிற்கவைத்துக் கேட்க வேண்டியதை எல்லாம் இத்தனை நாளும் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். வீடு போய்ச் சேரட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தோம். எதிரே பலகை. நான் போட்ட சத்தத்துக்கோ என்னவோ, இன்ஸ்பெக்டர் இப்போது மூன்று வரியாக்கியிருந்தார். சிகிச்சையில் இருப்போர் மூன்று. இன்று இறப்பு இல்லை. ஆரம்பம் முதல் மொத்த இறப்பு ஒன்பது.

பாவா பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். உதடு அசையவில்லை. கூட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னிக்கு சனிக்கெழம தானேமா?" என்றார்.

"ஆங், பாவா."

"சாயங்காலம் இத்த தொடைச்சிட மாட்டாங்களா?"

சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை.

"மாட்டாங்க பாவா. இது அப்டியே தான் இருக்கும்."

"நாளைக்கும் ஒம்போது தானா?"

"ஆங். அதே ஒம்போது தான்."