கோமதி வாங்கிய கேமிங் லேப்டாப்

எப்போதோ இரண்டு வாரம் கம்ப்யூட்டரைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதித் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான்... சின்ன காஞ்சிபுரத்தில் யார் வீட்டு மவுஸ் மக்கர் பண்ணினாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. தன்னடக்கம் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு, எனக்கு விஷயம் தெரியும் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோமதி வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“கேம்ஸ் ஆடறதுக்குன்னே தனியா லேப்டாப் வருதாமே... அதுல நல்லது எதுண்ணா?”

கோமதி யார் என்று சொல்லிவிடுகிறேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ் பார்க்கிறாள். அவள் கணவன் முரளி, பிள்ளையார்பாளையத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். நீங்கள் படிக்கும் இந்தப் பத்தி மூன்று வருடம் அங்கிருந்துதான் ஈமெயிலில் போனது. எனக்குத் தமிழ் ஃபான்ட் போட்டுக் கொடுத்தவன் அவன். எழுதியதை சேவ் பண்ணாமல் மூடிவிட்டு நான் திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம், எங்கிருந்தோ அதை மீட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

கூட்டமில்லாத மத்தியானங்களில் முரளி கார் ரேஸ் ஆடுவான். திரையில் கார் இடது பக்கம் திரும்பினால் இவன் நாற்காலியும் இடது பக்கம் திரும்பும். ஒரு நாள் என்னையும் வற்புறுத்தி உட்கார வைத்தான். முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய்க் கடலில் இறக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தெருவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தான்.

அந்த முரளி ஒரு நாள் கேபிள் இழுக்க மொட்டைமாடி ஏறினான். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. பின்பக்கமாக நடந்துகொண்டே வந்தவன் விழுந்துவிட்டான். முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் இருந்தன... இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. கிள்ளினாலும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது.

நரம்பு முழுக்க அறுந்துபோகவில்லை என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஒரு வருடத்துக்குள் ஏதாவது தெரிந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்றார். கோமதி என் வாசலில் வந்து நின்றபோது அதில் ஏழு மாதம் போயிருந்தது.

இந்த நிலைமையில் கேம்ஸ் ஆடும் லேப்டாப்பா? எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

“அவுரு செவுத்தப் பாத்துக்கினே படுத்துக்கினு இருக்காருண்ணா” என்றாள். டிவி வேண்டாம் என்கிறானாம். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது மாதிரி நடிக்கிறானாம். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம் — ஒன்று ‘தண்ணி’, இன்னொன்று ‘வேணாம்’. ஒரு கார் கிடைத்தால் பேசுவான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சென்டரை மூடி ஆறு கம்ப்யூட்டரையும் விற்ற பணம் இருக்கிறது. அதை உருப்படியாகச் செலவு செய் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன் — என்ன, இங்கிலீஷ் வார்த்தைகள் கலந்து.

அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். உயர்ந்த ரக கேமிங் லேப்டாப் என்பது பணத்தைக் கரைக்கிற வேலை. அந்த விலைக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம். பாதி விலையில் அதைவிடப் பலமான கம்ப்யூட்டரை மேஜையில் வைக்கலாம். இதில் பாட்டரி ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். கழற்றி வேறு கார்டு மாட்டவும் முடியாது... எல்லாமே சரியான பாயின்ட். இன்றைக்கும் அதில் ஒன்றைக்கூட நான் வாபஸ் வாங்கமாட்டேன்.

கோமதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ‘மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்’ என்று எழுந்து போகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் ஆயிற்றே.

“மேஜைன்னா அதும் முன்னாடி உக்காரணுமேண்ணா” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முதுகில் தலையணை அணைத்து அவனைப் பாதி சாய்த்து வைக்கலாம். நாற்காலியில் உட்கார வைத்தால் சரிந்துவிடுவான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் அரை மணி நேரம் மேஜையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

சரி, சாதாரண லேப்டாப் ஒன்று வாங்கலாமே என்று இறங்கி வந்தேன். அதில் அவனுடைய ரேஸ் சரியாக ஓடாது, திக்கித் திக்கி நிற்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

“அவரே நின்னுட்டாரு. காரும் நின்னு நின்னு போனா தாங்கமாட்டாருண்ணா.”

சரி, நானும் கூட வருகிறேன் என்றேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம். ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடை. விற்பனையாள் இரண்டு மாடல்களைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு, ராம், ஸ்கிரீன் என்று மூச்சுவிடாமல் பேசினார். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். கூட வந்த நிபுணர் அல்லவா?

கோமதி இரண்டையும் அணைத்துவிடச் சொன்னாள். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாக இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு குப்புறப் புரட்டி அடிப்பக்கத்தைத் தடவினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. எங்கள் ஊரில் எதையும் முகத்தைப் பார்த்து வாங்கமாட்டோம். புடவை என்றால் முதலில் கையில் கனம் பார்ப்போம், அப்புறம் திருப்பிப் பின்பக்கம் பார்ப்போம். பட்டும் ஜரிகையும் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கனம் சொல்லிவிடும். வேலை எப்படி என்பதைப் பின்பக்கம் சொல்லிவிடும்.

ஒரு மாடல் மெலிசு. விலையும் கூட. லேசாக இருப்பதற்கு எதற்கு அதிக விலை என்று கோமதி கேட்டதும், விற்பனையாள் அதை ஓரமாக நகர்த்தி வைத்தார். கறுப்பாக, தடியாக, பெட்டி மாதிரி இருந்த இரண்டாவதை ஏந்தியதும் அவள் முகம் தெளிந்தது.

“மூணே முக்கால் கிலோ இருக்கும். அஞ்சு முகூர்த்தப் புடவை” என்றாள்.

அவர் நம்பாமல் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றே முக்கால்தான் போட்டிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ நானே சொன்ன மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

“இதுலதாண்ணா சரக்கு இருக்குது.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கனமான பொருளில் ஏமாற்று இருக்காது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். அந்தக் கனத்தில் பாதி எதற்கு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதற்கான செம்பும் விசிறிகளும்தான் அது. பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

முரளி முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோமதி மெத்தை ஓரத்தில் வைத்து ஆன் செய்தாள். விசிறி உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மெதுவாகத் தலையைத் திருப்பினான். அதன்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் படித்தான். கார்டில் எவ்வளவு மெமரி என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை என்றதும் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. கோமதி சமையலறைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். பழைய முரளி. தலையணையில் சாய்ந்துகொண்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காரை விரட்டிக்கொண்டிருந்தான். ஷேடோ, டெக்ஸ்ச்சர் என்று ஏதேதோ சொன்னான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்ன ஒரு செலக்‌ஷன் என்று என்னையே மெச்சிக்கொண்டு, அதைச் செல்லமாகத் தட்டிக்கொடுக்கப் போனேன். விரல் அடிப்பக்கத்தில் பட்டது... வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரி கொதித்தது!

லேப்டாப்பைத் தூக்கி, லுங்கியை விலக்கிப் பார்த்தோம். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிறம். ஓரத்தில் ஒரு கொப்புளம்.

முரளி அதைப் பார்த்தான். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியலயே சார்” என்றான்.

அந்தக் குரலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. டாக்டர் என்னையும் கோமதியையும் நிற்க வைத்துத் திட்டினார். உணர்ச்சி இல்லாத இடத்தில் வெந்நீர்ப் பைகூட வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நல்லவேளை, புண் ஆழமில்லை. கோமதி தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கனம் பார்த்து எடுத்த கை என்று நினைத்திருப்பாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். நிஜமாகவே என்னுடையதுதான். அரை மணி நேரம் குறை குறையாக அடுக்கினேனே — சூடு என்று ஒரு வார்த்தை சொன்னேனா? அந்த வாரம் இந்தப் பத்தி ஏனோதானோ என்று இருந்ததாக இரண்டு பேர் கடிதம் எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கோமதி சொல்லியிருக்கிறாள். முரளி சண்டைக்கு வந்துவிட்டானாம். அதை எடுத்துக்கொண்டு போனால் சோறு தின்னமாட்டேன் என்றானாம். ஏழு மாதத்துக்கு அப்புறம் முதல் சண்டை. என்னிடம் புகார் சொல்லும்போது அவள் குரலில் புகாரே இல்லை.

தறி செய்கிற ஆசாரி ஒருவர் அவர்கள் தெருவிலேயே இருக்கிறார். கட்டிலின் குறுக்கே நிற்கிற மாதிரி, காலில் படாத மாதிரி, நாலு கால் வைத்து ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். அதன்மேல் லேப்டாப். கால்மேல் மடித்த போர்வை. அரை மணிக்கு ஒரு தடவை கோமதி கை வைத்துப் பார்ப்பாள். அவள் கடைக்குப் போனால் பக்கத்து வீட்டம்மா பார்ப்பார்.

இப்படியே இரண்டு மாதம் போயிற்று. புண் ஆறியது. முரளி தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் கார் ஓட்டினான். கால் மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் சொன்ன ஒரு வருடத்தில் மூன்று மாதம்கூட மீதி இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை.

போன புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். கோமதி கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். முரளி ரேஸில் இருந்தான். ஆடுகிற வேகத்தில் போர்வை நழுவிவிட்டது; லேப்டாப்பும் பலகையின் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. அதன் பக்கவாட்டு ஓட்டை வழியாக வரும் அனல் நேராக இடது தொடையில் அடித்துக்கொண்டிருந்தது.

“கோமதி, இத்த கொஞ்சம் தள்ளி வெச்சிட்டுப் போயேன். சுடுது.”

அவள் ஓடி வந்து தள்ளி வைத்தாள். போர்வையைச் சரி செய்தாள். அடுப்பில் எண்ணெய் காய்கிறதே என்று திரும்ப ஓடினாள். கடுகைப் போட்டாள்.

கடுகு வெடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

கரண்டியோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாளாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டாளாம். சுடுதுன்னு சொன்னேன் என்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன் மறுபடி சொல்லியிருக்கிறான். ஒரு வளைவு கடந்தது. இன்னொரு வளைவு. அப்புறம்தான் அவன் விரல் நின்றது. திரையில் கார் அதுபாட்டுக்குப் போய் எதன்மேலோ மோதிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். தாளிப்பு தீய்ந்துபோயிற்றாம்.

எனக்குப் போன் வந்தது. அழுகைதான் முதலில் கேட்டது. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

“சுடுதாம்ணா... அவருக்குச் சுடுதாம்” என்றாள்.

போனைக் காதில் வைத்தபடியே செருப்பைத் தேடினேன்.

அன்று சாயங்காலமே டாக்டர் வந்து பஞ்சாலும் ஊசியாலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இடது தொடையில் ஒரு சாண் அளவுக்கு உணர்ச்சி வந்திருக்கிறது. வலது காலில் இன்னும் இல்லை. நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் நம்பிக்கை வைக்கலாம் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே எங்களுக்குப் போதும். தயவு செய்து யாரும் இதை வைத்தியம் என்று நினைத்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். டாக்டர் மறுபடியும் என்னைத்தான் திட்டுவார்.

நேற்று ஒருவர் பஸ் ஸ்டாண்டில் பிடித்துக்கொண்டார். கேமிங் லேப்டாப்புக்கு அவ்வளவு பணம் கொடுப்பது தகுமா, சார்தான் சொல்ல வேண்டும் என்றார். என்னுடைய பாயின்ட்டுகளையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிக்க வாயைத் திறந்தேன். இதுதான் வந்தது:

அநியாயத்துக்குச் சுடும் சார் அது... நல்லா இருக்கட்டும்!